இடது ஓரத்து இருக்கை

நாற்காலிக்காரருக்கு அளப்பு என்று இன்னொரு பெயரும் உண்டு. நாற்காலி வாடகைக்கு விடுவது தொழில், கதை அளப்பது பழக்கம். இரண்டில் எது லாபம் என்று கேட்டால், "கதைக்கு எவனும் முன்பணம் தர்றதில்ல, ஆனா அது கால் ஒடிஞ்சு திரும்பி வர்றதும் இல்ல" என்பார்.

ஒருமுறை சூறைக்காற்றில் அவருடைய பந்தல் துணி மேடையையும் தூக்கிக்கொண்டு கிளம்பி அடுத்த ஊரில் போய் இறங்கியதாகவும், பேசிக்கொண்டிருந்தவர் விட்ட இடத்திலிருந்து அங்கே தொடர்ந்ததாகவும், அங்கே கைதட்டல் இன்னும் பலமாக இருந்ததாகவும் சொல்வார். முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது. இந்தக் கதையில் அப்படி எதுவும் பறக்காது. அதுதான் இதில் உள்ள கோளாறு. நடந்ததை நடந்தபடியே சொன்னதால் இதை இன்றுவரை ஒருத்தரும் நம்பவில்லை.

அவரைப் படிக்கவைத்தவர் பெரிய டீச்சர். பழைய கிடங்கு ஒன்றின் பாதியைப் பிடித்து அந்த அம்மாள் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்தில், மற்றப் பள்ளிகளில் யார் எங்கே உட்காருவது என்பது பிள்ளை பிறக்கும் முன்பே முடிவாகியிருந்தது. ஷூ போட்டவன் முன் பெஞ்சு. செருப்பு போட்டவன் நடு பெஞ்சு. சாக்கடை அள்ளுகிறவர் பிள்ளையும் மூட்டை தூக்குகிறவர் பிள்ளையும் கடைசி பெஞ்சு, இடமில்லாவிட்டால் கதவுக்கு வெளியே. பெரிய டீச்சர் இதை எதிர்த்து மேடை போட்டுப் பேசவில்லை. பெஞ்சை மட்டும் கவனித்துக்கொண்டார். ஒரு பாடம் முடிந்தால் முன் வரிசை எழுந்து கடைசிக்குப் போக வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வரிசை முன்னால் வர வேண்டும். பிள்ளைகள் இதற்கு நகர்வு என்று பெயர் வைத்தார்கள். மணி கிடையாது, உத்தரவு கிடையாது. முன் வரிசையின் இடது ஓரத்தில் இருப்பவர் எழுந்து பின்னால் நடந்தால் நகர்வு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எழுந்திருக்க மனமில்லாமல் எவனாவது ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்த வரிசைக்காரர் வந்து அவன் எதிரில் நிற்கலாம். திட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, சும்மா நிற்கலாம். எதிரில் ஒருவர் வாயைத் திறக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் கலை மனிதனுக்கு இன்னும் கைவரவில்லை.

மில் மேனேஜர் ஒருநாள் சண்டைக்கு வந்தார். "என் பொண்ணு கடைசி பெஞ்சுல உக்கார்றாளாமே?"

"ஆமா ஐயா. எல்லாரும்தான்."

"எல்லாரும் உக்காரலாம். என் பொண்ணு எதுக்கு உக்காரணும்?"

"மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் தெரிஞ்ச இடம், உங்க பொண்ணுக்கு மட்டும் தெரியாமப் போயிடக் கூடாதில்லையா?" என்றார் டீச்சர்.

மேனேஜர் பெரிய இடத்தில் போய்ச் சொல்ல, அதிகாரிகள் வந்து கிடங்கைப் பூட்டினார்கள். டீச்சர் பெஞ்சுகளைத் தெருவில் போட்டுப் பாடம் நடத்தினார். அங்கேயும் நகர்வு நிற்கவில்லை. நகர்ந்து நகர்ந்து வகுப்பு மாதக் கடைசியில் அதிகாரியின் அலுவலக வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்பது நாற்காலிக்காரரின் கூற்று. முன் வரிசை பின்னால் போனால் வகுப்பு எப்படி முன்னேறும் என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. பூட்டு மட்டும் உண்மையாகவே திறக்கப்பட்டது. அதற்குப் பின் எத்தனையோ பள்ளிகள் பெஞ்சை நகர்த்தக் கற்றுக்கொண்டன.

அப்பேர்ப்பட்ட டீச்சரிடம் படித்துவிட்டு நாற்காலிக்காரர் தேடிக்கொண்ட பிழைப்பு, மனிதர்களைத் தரம் பிரித்து உட்கார வைப்பது. முன்னால் சோபா. அதன் பின்னால் வெள்ளை உறை போட்ட நாற்காலி. அப்புறம் கை வைத்த பிளாஸ்டிக், கை இல்லாத பிளாஸ்டிக், கடைசியில் உட்கார்ந்தவர் விரலைக் கவ்வுகிற இரும்பு மடக்கு நாற்காலி. வாசலில் ஒருவர் கழற்றும் செருப்பைப் பார்த்தே அவருக்கு எந்த நாற்காலி என்று சொல்லிவிடுவார். இதை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வரும். சிரித்து முடித்துவிட்டு சோபாவுக்கு உறை மாட்டுவார்.

இத்தனை முன் வரிசைகளைப் போட்டவர், ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. கூட்டம் தொடங்கும்போது அவர் கதவருகே, மிச்ச நாற்காலி அடுக்குக்குப் பக்கத்தில் நிற்பார். பழக்கம் எலும்பில் இறங்கிவிட்டது. மகள் கல்யாணத்தில்கூட, மணமக்களோடு எடுத்த குடும்பப் படத்தில் அவர் மட்டும் கைக்கு இரண்டு நாற்காலியோடு ஓரமாகக் கடந்து போய்க்கொண்டிருப்பார். அந்தப் படம் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டப்பட்டிருந்தது. சம்பந்தி இரும்புக்கடைக்காரர், நல்ல மனிதர், எங்கேயும் தாமதமாக வருவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாதவர். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் படத்தைக் காட்டி, "இது எங்க மருமக, இது என் வீட்டம்மா, அந்த நாற்காலி தூக்கிட்டுப் போறவர்தான் எங்க சம்பந்தி" என்று பாசமாகவே சொல்வார். பாசமாகச் சொன்னதுதான் நாற்காலிக்காரருக்குத் தைத்தது. முன் வரிசையில், கால் மேல் கால் போட்டு, தான் உட்கார்ந்திருப்பதைச் சம்பந்தி ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். கேவலமான ஆசை என்று அவருக்கே தெரியும். தெரிந்ததால் குறையவில்லை.

பெரிய டீச்சர் இறந்தபின் வருடாவருடம் நினைவுக் கூட்டம் நடக்கும், அதிலும் நகர்வு உண்டு. ஒரு வருடம் அந்தக் கூட்டத்தில் அவர் ஆசைக்கு வழி பிறந்தது. பழைய மாணவர் சங்கச் செயலாளர், அவரும் அதே கிடங்கில் படித்தவர்தான், நாற்காலிக் கொட்டகைக்கு வந்தார்.

"டேய் அளப்பு, டீச்சர் நினைவுக் கூட்டத்துக்கு இந்தத் தடவ முன்னாடி சோபா போடணும்."

"சோபாவா? டீச்சர் கூட்டத்துக்கா?"

"சிமெண்ட் முதலாளி வர்றார்டா. டீச்சர் பேர்ல மண்டபம் கட்டித் தரேன்னு வாய் விட்டிருக்கார். அவர எழுப்பி எழுப்பிப் பின்னாடி அனுப்பினா மண்டபம் வருமா? இந்த வருஷம் மட்டும் நகர்வு வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"வாய் ஒத்துக்கிச்சு. கால் ஒத்துக்காது. இடது ஓரத்துல எவனாவது எந்திரிச்சான்னா மொத்தக் கூட்டமும் கிளம்பிடும். அதனால அங்க எந்திரிக்கவே எந்திரிக்காத ஆளாப் பாத்து உக்கார வெக்கணும்."

"அப்படி யாரு இருக்கா?"

"நீதான். ஆயுசுல ஒரு தடவ சோபாவுல உக்கார விட்டா, பந்தல் பத்தி எரிஞ்சாலும் நீ எந்திரிக்க மாட்டடா."

டீச்சர் கொள்கை ஒரு பக்கம், சோபா ஒரு பக்கம். நல்ல மாணவன் ஓர் இரவாவது புரண்டு புரண்டு படுத்திருக்க வேண்டும். நாற்காலிக்காரர் 'யோசிச்சுச் சொல்றேன்' என்று ஒப்புக்குச் சொல்லக்கூட மறந்துபோனார். "உறை வெள்ளையா, நீலமா?" என்று கேட்டார்.

அன்றே சம்பந்திக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவசியம் வந்துடுங்க. நான் முன் வரிசை. சோபா."

"போடறீங்களா, உக்கார்றீங்களா?"

"உக்கார்றேன் சம்பந்தி."

"அடடே! கண்டிப்பா வரேன்."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே, "உங்க டீச்சர் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றார். அது பாராட்டு அல்ல என்பது கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவருக்குப் புரியாதா? புரியாத மாதிரி உறைக்கு இஸ்திரி போட்டார்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில். நாற்காலிக்காரர் தன் கையாலேயே சோபாக்களைப் போட்டு, இடது ஓரத்துச் சோபாவைத் தட்டிப் பார்த்து, யாரும் பார்க்காதபோது ஒருமுறை உட்கார்ந்தும் பார்த்தார். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு வந்து விருந்தினர் மாதிரி மறுபடி உட்கார்ந்தார். சோபா அவரை இடுப்புவரை விழுங்கியது. எதிரே மேடையில் டீச்சரின் பெரிய படம். ஆனால் மேடை விளிம்பில் இருந்த பூந்தொட்டி மறைத்ததில், அவருக்கு டீச்சரின் கொண்டை மட்டும் தெரிந்தது. பேசுகிறவர்களின் செருப்பு மட்டும் தெரிந்தது. முன் வரிசை என்பது இவ்வளவுதானா என்று ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை வருடமாக இதைத்தானே கூடுதல் வாடகைக்கு விட்டோம் என்று உடனே அதை அடக்கிக்கொண்டார்.

விருந்தினர்கள் முன்னால் சின்ன மேசையும், ஆளுக்கொரு குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலும் வைத்திருந்தார்கள். தனக்கென்று ஒருவர் தண்ணீர் வைத்து அவர் பார்த்ததில்லை. மரியாதைக்காக முழுவதையும் குடித்தார். பக்கத்தில் சிமெண்ட் முதலாளி தன் பாட்டிலைத் தொடவில்லை. வீணாகப் போகிறதே என்று அதையும் குடித்தார்.

அங்கேதான் வந்தது வினை.

முதல் பேச்சாளர் டீச்சரின் சமத்துவத்தைப் பற்றி ஆரம்பித்து, சமத்துவம் என்ற சொல்லின் வரலாற்றுக்குள் போய்விட்டார். நாற்காலிக்காரர் காலை மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றிப் போட்டார். அடிக்கடி திரும்பி வாசலைப் பார்த்தார். சம்பந்தியைக் காணோம். 'சம்பந்தி வந்து ஒரு பார்வை பார்க்கட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்க' என்று தன் அடிவயிற்றோடு ஓர் ஒப்பந்தம் பேசினார். அது கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. பேச்சாளர் முடித்துக் கைதட்டல் எழுந்த நொடியில், நாற்காலிக்காரர் சோபாவிலிருந்து தன்னை ஒருவழியாகப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். கழிப்பறை பின்பக்கம் இருந்தது. நேராகப் பின்னால் நடந்தார்.

அவ்வளவுதான். பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். மைதானம் முழுக்கத் தலை நரைத்தவர்களும் முழங்கால் போனவர்களும் ஒரே ஆளைப் போல எழுந்தார்கள். 'இந்த வருஷம் வேண்டாம்' என்று தலையாட்டியவர்கள்தான் எல்லோரும். யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வரிசை முன்னால் நகர்ந்தார்கள்.

செயலாளர் மேடையில் கையை ஆட்டினார். டாட்டா காட்டுகிறார் என்று சிலர் பதிலுக்கு ஆட்டினார்கள்.

சிமெண்ட் முதலாளி ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பார்த்தார். அவர் எதிரில், இரண்டாம் வரிசையிலிருந்து வந்த நர்ஸம்மா, அளப்பு உட்கார்ந்த பெஞ்சில் படித்து மருத்துவமனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேசாமல் நின்றிருந்தார். எங்கே பார்த்தாலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். மௌன அஞ்சலி போலிருக்கிறது என்று முதலாளி மரியாதையாக எழுந்து, கண்ணை மூடித் தலை குனிந்தார். தலை நிமிர்ந்தபோது அவர் சோபாவில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி போய் உக்காருங்கய்யா" என்றார் நர்ஸம்மா. "அங்க நல்லாக் காத்து வரும்."

நாற்காலிக்காரர் லேசான உடம்போடும் நிறைந்த மனத்தோடும் திரும்பி வந்தபோது கைதட்டினார்கள். அவரைப் பார்த்துத்தான். ஒருவர் தோளைத் தட்டி, "டீச்சர் பேரக் காப்பாத்திட்டடா அளப்பு!" என்றார்.

"நான் ஒண்ணுக்குப் போனேன்டா."

"பாரு பாரு, அடக்கத்தப் பாரு."

"சத்தியமாடா."

"உன் சத்தியம் எங்களுக்குத் தெரியாதா?" என்று ஊரே சிரித்தது.

முன்னால் அவருடைய சோபாவில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் சாய்ந்திருந்தார். நாற்காலிக்காரருக்கு மிஞ்சியது கடைசி வரிசை மடக்கு நாற்காலி. பக்கத்தில் சிமெண்ட் முதலாளி விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார்.

"இந்த நாற்காலி யாருதுங்க? கடிக்குது."

"என்னுதுதான். புது ஆளுன்னா கொஞ்சம் கடிக்கும்."

அப்போது முன்னால் இருந்தவர் திரும்பினார். சம்பந்தி.

"அட, சம்பந்தி! இங்கயா இருக்கீங்க? சோபான்னு சொன்னீங்க?"

"சோபாவுலதான் இருந்தேன். நீங்க எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். வந்து கடைசி வரிசையில உக்காந்தேன், உக்காந்த உடனே எல்லாரும் எந்திரிச்சாங்க, நானும் எந்திரிச்சேன், ஒரு வரிசை முன்னாடி வந்துட்டேன். நல்ல கூட்டமா இருக்கே!"

"நான் முன்னாடி இருந்தத நீங்க பாக்கவே இல்லையா?"

"இல்லையே. அதனால என்ன, சொன்னா நம்ப மாட்டேனா?" என்ற சம்பந்தியின் முகத்தில் அளவில்லாத பெருந்தன்மை. நம்பவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

அந்தக் கணத்திலிருந்து பெரிய டீச்சரின் கொள்கைக்கு நாற்காலிக்காரரைப் போன்ற ஒரு தொண்டன் கிடையாது. நகர்ந்தால்தான் அவர் முன்னால் போக முடியும். ஒவ்வொரு பேச்சு முடிந்தால்தான் நகர்வு. பேச்சுகளோ முடிகிற மாதிரி இல்லை. ஆகவே அடுத்த பேச்சாளர் மூச்சு வாங்க நிறுத்தியதும் நாற்காலிக்காரர் பலமாகக் கைதட்டினார். கடைசி வரிசை முழுதும் சேர்ந்து தட்டியது. கைதட்டல் அலையலையாக முன்னால் போய் மேடையில் மோதியது. பேச்சாளர் பேச வந்ததை மறந்து, "நன்றி" என்று இறங்கிவிட்டார். நகர்வு.

"நான் மறுபடியும் முன்னாடி எப்பங்க வருவேன்?" என்று சிமெண்ட் முதலாளி கவலையோடு கேட்டார்.

"கையத் தட்டுங்க, வந்துடலாம்."

முதலாளிக்குப் பெரிய கைகள். அடுத்தவர் 'அவையோர்களே' என்று தொடங்குவதற்குள் தட்டினார். பின்னால் இருக்கிறவனுக்குத்தான் நகர்வு வேண்டும், முன்னால் இருக்கிறவனுக்கு அது வேண்டாத தொல்லை. எல்லோரையும் கொஞ்ச நேரம் பின்னால் உட்கார வைத்தால் போதும், கொள்கையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். டீச்சர் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்க வேண்டும் என்று நாற்காலிக்காரருக்கு அன்றுதான் உறைத்தது. இத்தனை காலம் அது நற்பண்பு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியே நகர்ந்து நகர்ந்து அவர் இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டார். அவர் முன்னால், இடது ஓரத்துச் சோபாவில், சாட்சாத் சம்பந்தி. அப்போது செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி, "நன்றியுரை" என்றார்.

நன்றியுரைக்குப் பின் வீட்டுக்குத்தான் நகர்வு. நாற்காலிக்காரர் சம்பந்தியின் முதுகில் இடித்தார்.

"போய் ரெண்டு வார்த்தை பேசுங்க."

"எனக்கு அந்த அம்மாவத் தெரியாதே, சம்பந்தி."

"பேசினவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. போங்க!"

சம்பந்தி மேடையேறினார். "எனக்கு இவங்களத் தெரியாது" என்று தொடங்கினார். "நான் எங்க போனாலும் லேட்டு. அதனால எங்க போனாலும் கடைசிதான். அது என் தப்பு, அதனால கோவம் கிடையாது. இன்னைக்கும் லேட்டு. ஆனா முன்னாடி உக்காந்துட்டேன். சும்மா உக்காந்திருந்தேன், எல்லாருமாச் சேந்து கொண்டாந்து விட்டுட்டாங்க. இந்த மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துல நான் படிச்சிருந்தா..." அத்தோடு நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இரும்புச் சாமான் ஏதாச்சும் வேணும்னா நம்ம கடைக்கு வாங்க" என்று இறங்கினார். நகர்வு தொடங்கிய பிறகு யாரும் தூண்டாமலே கைதட்டல் வாங்கியது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

நகர்வு. நாற்காலிக்காரர் இடது ஓரத்துச் சோபாவில் உட்கார்ந்தார். பக்கத்தில் சிமெண்ட் முதலாளி, அப்பாடா என்று சாய்ந்து, "மண்டபத்துல நாற்காலியத் தரையோட முடுக்கற மாதிரி பிளான் போட்டு வெச்சிருக்கேன். அது சரிப்படாது போலிருக்கே" என்று முணுமுணுத்தார்.

"சரிப்படவே படாது" என்றார் நாற்காலிக்காரர். கொள்கையும் வாடகைத் தொழிலும் ஒரே பதிலைச் சொன்னது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கால் மேல் கால் போட்டுக்கொண்டு, மெல்லத் திரும்பினார். கடைசி வரிசையில் சம்பந்தி எம்பி நின்று, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டார். நன்றாகவே பார்த்துவிட்டார். நாற்காலிக்காரர் பெரிய மனுஷ தோரணையில் தலையை ஓர் அசைப்பு அசைத்தார்.

அப்போதுதான் சம்பந்திக்கும் பின்னால், கதவருகே, மிச்ச நாற்காலி அடுக்கில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்த மனைவி கண்ணில் பட்டார். நாற்காலி திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள அவரை நிறுத்திவிட்டு வந்தவர் இவர்தான். வந்திருந்த எல்லா வரிசையும் ஒரு தடவை முன்னால் வந்து போயாயிற்று. வரிசையிலேயே இல்லாதவருக்கு எந்த நகர்வும் எட்டவில்லை. அந்த அம்மாள் இவர் பக்கம் பார்க்கவே இல்லை. நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார்.

நாற்காலிக்காரர் சோபாவில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தார். எதிரில் யாரும் நிற்கவில்லை. எதிரில் நின்றிருந்தாலாவது தேவலை.

எழுந்தார். பின்னால் நடந்தார். மைதானம் மறுபடி சரசரவென்று எழுந்தது. செயலாளர் ஒலிபெருக்கியில், "டேய், இருடா, நான் நன்றி சொல்லிக்கறேன்டா" என்று கெஞ்சியது ஊருக்கே கேட்டது.

"போ. முன்னாடி போய் உக்காரு" என்றார் மனைவியிடம். "இடது ஓரம்."

"எனக்கு எதுக்கு? நானா அவங்ககிட்டப் படிச்சேன்?"

"சம்பந்தி மட்டும் படிச்சாரா?"

"நாற்காலிய யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன்."

"நீங்களா?" என்று மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் தொழில் ரீதியான நம்பிக்கை துளியும் இல்லை. "எவனாவது பேச்சுக் குடுத்தா வாயப் பொளந்துட்டு நிப்பீங்க." ஆனாலும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுவழியாக, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். எந்த வரிசையிலும் சேராத ஒருவர் வருவதைப் பார்த்து, இடது ஓரத்தில் மறுபடி உட்காரப் போன தபால்காரர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார். அந்த அம்மாள் உட்கார்ந்தார். சோபாவை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து, "ம், பேசுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார்.

செயலாளர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். யாருக்குச் சொல்கிறார் என்பது கதவருகே கேட்கவில்லை. "டீச்சருக்காக நீ ரெண்டாவது தடவையும் எந்திரிச்ச பாரு, அதான்டா மாணவன்" என்று யாரோ வந்து கையைக் குலுக்கினார். இல்லை, இந்தத் தடவை வீட்டுக்காரிக்காக என்று நாற்காலிக்காரர் விளக்கினார். அதையும் அவர் நம்பவில்லை. விளக்கி முடித்துத் திரும்பி எண்ணியபோது, அடுக்கில் ஒரு நாற்காலி குறைந்தது.

மனைவி அப்போதுதான் சோபாவில் முதுகைச் சாய்த்திருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாற்காலிக்காரர் விட்டுவிட்டார்.